கடைக்கு மேலே மாடியில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் எனக்குப் படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடை. சாமி படம் வரும், கல்யாணப் படம் வரும். எல்லாவற்றையும்விட இறந்தவர் படம்தான் அதிகம் வரும். கடைக்கு மேலே ஒரு அறை. ஆறு வருஷமாக மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் அங்கே ஒரு கூட்டம் நடக்கிறது. பாட்டு, கூத்து, கதை, படம் என்று ஏதாவது ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு, உளப்பகுப்பாய்வுக்காரர்கள் கேட்கிற மாதிரி கேட்டுப் பேசுவோம்.

சட்டம் போட வருகிறவர்கள் மாடிப்படியைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஆணி அடிக்கிற வேலை நின்றுபோகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

அண்ணாச்சி, மாடில மாசா மாசம் என்னமோ நடத்துதீகளாமே, என்னது அது?

இருபது இருபத்தைந்து பேர் சேருவோம். ஐந்தரை மணிக்கு ஆரம்பம். முதல் முக்கால் மணி நேரம் கலை. ஒரு மாதம் வில்லுப்பாட்டு, ஒரு மாதம் சிறுகதை வாசிப்பு, ஒரு மாதம் கையில் சாக்கட்டியும் கரியும் கொடுத்து வரையச் சொல்வது. அப்புறம் கருப்பட்டிக் காப்பி. அதன்பிறகு ஒரு மணி நேரம் பேச்சு. பாட்டு நன்றாக இருந்தது, கதை சுமார் என்று மார்க் போடக் கூடாது. கேட்கும்போது மனதில் என்ன ஓடியதோ அதைச் சொல்லலாம். சொல்லாமலும் இருக்கலாம்.

பேச்சை நடத்துகிறவர் ஒரு டாக்டரம்மா. மனநல மருத்துவர்; உளப்பகுப்பாய்வு முறையில் பயிற்சி எடுத்தவர். ஏழரை ஆனதும் எழுந்துவிடுவார், யார் பாதிப் பேச்சில் இருந்தாலும் சரி. வந்தவர்களை இப்படியா அனுப்புவது என்று முதலில் எனக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை மணிக்கு முடிந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் வாய் திறக்காதவர்கள் திறந்தார்கள்.

உளப்பகுப்பாய்வுன்னா என்ன? கவுன்சிலிங் மாதிரியா?

வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்டு (1856–1939) என்ற மருத்துவர் தொடங்கிய முறை. நமக்கே தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற ஆசை, பயம், கோபம் எல்லாம் சேர்ந்த இடத்துக்கு நனவிலி என்று பெயர். அது கனவில் தலைகாட்டும், வாய்தவறி விழுகிற சொல்லில் தலைகாட்டும், டாக்டர் காரணம் கண்டுபிடிக்க முடியாத உடம்பு வலியிலும் தலைகாட்டும். மனதில் வருவதைச் சலிக்காமல், வடிகட்டாமல் பேசவிட்டுக் கேட்டால் முடிச்சு எங்கே விழுந்தது என்று மெல்லப் பிடிபடும் என்பது அடிப்படை. ஃப்ராய்டின் மூத்த நண்பர் ப்ராய்யரிடம் 1880களின் தொடக்கத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணே இதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்துவிட்டாள். விளையாட்டாக இன்னொரு பெயரும் வைத்தாள்: ‘புகைக்கூண்டைச் சுத்தம் பண்ணுவது’. விறகடுப்பு பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கவுன்சிலிங்கில் பெரும்பாலும் இன்ன பிரச்சினைக்கு இன்ன வழி என்று போகும். பகுப்பாய்வில் வழி சொல்ல மாட்டார்கள். முறைப்படி செய்தால் வாரத்துக்கு நாலைந்து நாள், நாளுக்கு ஐம்பது நிமிஷம், வருஷக்கணக்கில். மாடியில் அந்த வைத்தியம் நடக்கவில்லை. அந்தக் கேட்கும் முறையை மட்டும் கடன் வாங்கியிருக்கிறோம்.

அதுக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். அம்மா இறந்து பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் வேண்டும் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ‘அம்மைக்கு என்ன செஞ்சது?’ என்று கேட்டேன். ‘என்ன செய்ய, அவ்வளவுதான்’ என்றார். சரி, மர நிறச் சட்டமா, தங்க நிறமா என்று கேட்டேன். அரை மணி நேரம் போனது. தங்க நிறம் அம்மாவுக்குப் பிடிக்காது. இல்லை, பிடிக்கும், கிடைத்ததில்லை. கடைசியில் போட்டோவில் காதைத் தொட்டுக் காட்டி, ‘இதுல ஒரு கம்மல் வரைஞ்சு தர முடியுமா அண்ணாச்சி?’ என்றார். இவர் பாலிடெக்னிக் சேரும்போது கழற்றிய கம்மல். திருப்பவே இல்லை.

நேராகக் கேட்டபோது அடைத்திருந்த வாய், நடுவில் ஒரு பொருள் வந்ததும் திறந்துகொண்டது. கலை அந்த நடுப்பொருள். வில்லுப்பாட்டில் வருகிற முத்துப்பட்டனைப் பற்றிப் பேசுகிற சாக்கில் தன் மாமனாரைப் பற்றிப் பேசலாம். யாரும் ‘உன் மாமனாரா?’ என்று கேட்கப் போவதில்லை. ஃப்ராய்டும் தான் கண்டுபிடித்தது பலவும் கவிஞர்களுக்கு முன்பே தெரியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 1930-இல் ஃப்ராங்க்ஃபர்ட் நகரம் அவருக்குக் கொடுத்தது கதே பெயரிலான பரிசு. கதே ஒரு கவிஞர்.

எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு, நான் எதுக்கு வரணும்?

வர வேண்டாம். வந்தால் காப்பி உண்டு.

எனக்குக் கோடுகூட நேரா வராதே, நான் வந்து என்ன வரையப் போறேன்?

கோணல் கோடுதான் வேண்டும். டொனால்ட் வின்னிகாட் என்று லண்டனில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார், பகுப்பாய்வாளரும்கூட. பேசாத பிள்ளைகளோடு அவர் ஒரு கிறுக்கல் விளையாட்டு ஆடுவார். கண்ணை மூடிக்கொண்டு அவர் ஒரு கிறுக்கு கிறுக்குவார். பிள்ளை அதை ஏதாவது உருவமாக மாற்றும். பிறகு பிள்ளை கிறுக்கும், அவர் மாற்றுவார். இரண்டு பேரும் சமமாக விளையாடுவதுதான் அதில் விசேஷம். டாக்டர் பார்க்க, பிள்ளை பரீட்சை எழுதுகிற கதையாக ஆகாது.

நாங்கள் இதைத் தாத்தாவையும் பேரனையும் ஜோடி சேர்த்துச் செய்தோம். தாத்தா போட்ட வளைவைப் பேரன் ஸ்கூட்டர் ஆக்கினான். பேரன் போட்ட கிறுக்கலைத் தாத்தா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏற்றப் பலகை, கமலை, மாடு என்று வரைந்து தள்ளினார். ‘நீ மாடு வச்சிருந்தியா?’ என்று பேரன் கேட்டான். ஒரே வீட்டில் பதினொரு வருஷம் இருந்தவர்கள்.

வில்லுப்பாட்டு கோயில் கொடைல கேக்கது போதாதா? அதை மாடிக்கு வேற கொண்டு வரணுமா?

கொண்டு வந்தது பெரிய கூத்து. வில் எங்கள் மாடிப்படியில் திரும்பவில்லை. தெருவில் நின்று கயிறு கட்டிப் பால்கனி வழியாகத் தூக்கினோம். வில்லில் கட்டியிருந்த மணியெல்லாம் ஒரே நேரத்தில் குலுங்க, எதிர்க்கடை டீ மாஸ்டர் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கொடைத் திருவிழாவில் பாட்டு சாமிக்கு. விடியவிடியப் பாடுவார்கள், சாமி வருகிற கட்டத்தில் நாம் பக்தியில் நிற்போம். கதையைப் பற்றி அங்கே பேச இடமில்லை, பேசவும் கூடாது. மாடியில் ஒரு கட்டத்தை மட்டும் பாடச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். இந்தச் சீமையின் கதைகளை யோசித்துப் பாருங்கள். வெட்டிக் கொல்லப்பட்டவன், வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண், பழி தீராமல் திரிந்த உயிர். கொன்றவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பீடம் போட்டு, வருஷம் தவறாமல் கதையைப் பாடவைத்துக் கேட்டுக் கும்பிடுகிறார்கள். கொலையுண்ட தகப்பன் உயிரோடு இருந்ததைவிடச் செத்த பிறகு அதிக பலத்தோடு பிள்ளைகளை ஆள்கிறான் என்று 1913 வாக்கில் ஃப்ராய்டு எழுதினார். அதை டாக்டரம்மா சொன்னபோது பின்வரிசையில் ஒரு ஆச்சி, ‘இதைச் சொல்ல அம்புட்டுத் தூரம் போகணுமாக்கும்’ என்றாள்.

முத்துப்பட்டன் கதையைப் பாடினா சாதிப் பேச்சு வராதா? வில்லங்கம்லா?

வரும். வந்தது. கதை தெரியாதவர்களுக்கு: பிராமணனான முத்துப்பட்டன், வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பூணூலை அறுத்து, தோல் வேலை பழகி, செருப்பு தைத்துக் காட்டி, அவர்களைக் கட்டிக்கொள்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். மனைவிமார் இருவரும் தீப்பாய்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன். இன்றைக்கும் அவனுக்கு நேர்த்திக்கடன் தோல் செருப்புத்தான்.

பாடப்படும் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் விடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். இது பின்னால் ஒட்டவைத்தது என்று வாதாடியவர் நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). அன்று மாடியில் டாக்டரம்மா அதைக் கனவோடு ஒப்பிட்டார். மனம் தாங்க முடியாத ஒன்றைக் கனவு அப்படியே காட்டாது. உள்ளே ஒரு தணிக்கைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆளை மாற்றி, ஊரை மாற்றி, பிறப்பை மாற்றித்தான் வெளியே விடுவார். ஊர் சேர்ந்து கண்ட கனவுக்கு ஊர் சேர்ந்து தணிக்கை. ஆனால் செருப்பை யாராலும் மாற்ற முடியவில்லை பாருங்கள், அது கோயிலிலேயே தொங்குகிறது.

அதற்குப் பிறகு பேச்சு சூடானது. ‘எங்க வீட்ல ஒரு பிள்ளைய இப்பிடித்தான் இல்லைன்னு ஆக்கிட்டாங்க’ என்று ஒருவர் சொன்னதும் அறை அடங்கிவிட்டது. அடுத்த மாதம் நாலு பேர் வரவில்லை. அவர்களில் இருவர் பிறகு வந்தார்கள். இந்தக் கதையை எடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. இந்தச் சீமையில் மனசைப் பற்றிப் பேசிக்கொண்டு சாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பது, காய்ச்சல்காரனை நெற்றியைத் தொடாமல் பார்ப்பது மாதிரி.

நான் அங்க பேசினது வெளிய போயிராதா? நம்மூரு சங்கதி தெரியும்லா.

தெரியும். மார்க்கெட்டில் தும்மினால் முருகன்குறிச்சியில் கேட்கும். எங்கள் விதியைத் தொல்காப்பியரிடமிருந்து எடுத்தோம். அகத்திணையில் காதலிப்பவர்கள் யாரென்று பெயர் சுட்டிப் பாடக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். பெயர் வந்தால் அது புறம். மாடியிலும் அப்படித்தான். ‘ஒரு தோழி சொன்னாள்’ என்று வெளியே பேசலாம். எந்தத் தோழி என்று சொன்னால் அடுத்த மாதம் அவருக்கு நாற்காலி இல்லை. ஒருவரை அப்படி நிறுத்தியும் இருக்கிறோம். போட்டோ, வீடியோ, செல்போன் பதிவு எதுவும் கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற சம்பவங்கள் சம்பந்தப்பட்டவர்கள் சரி என்ற பிறகு, ஆள் தெரியாதபடி மாற்றி எழுதியவை.

இருக்கிற வீட்ல ஒப்பாரி பாடலாமா? மங்கலமான இடம்லா?

இந்தக் கேள்வியை என் வீட்டுக்காரியே கேட்டாள். கடைக்கு மேலே ஒப்பாரி பாடினால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவளுக்குப் பயம். ‘நம்ம வியாபாரமே செத்தவங்க படம்தானே’ என்றதற்கு ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் ஆற்றங்கரை மண்டபம் ஒன்றில் வைத்தோம். சிலவற்றில் ஊர் நம்பிக்கையோடு வாதாட வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும்.

இழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள் எல்லாரும் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவரவர் துக்கத்தை அங்கே கொண்டு வந்து இறக்குவார்கள். ஊரும் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது. துக்கம் பற்றி 1917-இல் ஃப்ராய்டு எழுதிய கட்டுரையில் ஒரு வேறுபாடு வரும். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது. அது தீராமல் நோயாகும்போது ஆள் தானே வெறுமையாகிவிடுகிறார், ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தன்னையே வெட்டிக்கொள்கிறார். ஒப்பாரியில் செத்தவரைத் திட்டவும் இடம் உண்டு என்பதை அன்று கவனித்தோம். ‘என்னைய இப்பிடி விட்டுட்டுப் போயிட்டியே’ என்பது புகழ்ச்சி இல்லை. அந்தக் கோபம் வெளியே வராமல் உள்ளே திரும்பினால் என்ன ஆகும் என்றுதான் அன்றைய பேச்சு முழுக்க ஓடியது. இப்போது ஒப்பாரியை மட்டுப்படுத்தி, ஆம்புலன்ஸ் வந்ததும் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கனவுக் கூட்டம்னா என்ன? கனவுல பாம்பு வந்தா என்ன பலன் சொல்லுவீக?

பலன் சொல்ல மாட்டோம். அது பஞ்சாங்கத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: இன்ன குளத்தில் மூழ்கி, காமவேளைக் கும்பிட்டால் கணவன் வந்துவிடுவான் என்று. ‘பீடன்று’, அது பெருமையில்லை என்று கண்ணகி ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாள். அவள் கேட்டது பரிகாரமில்லை. கேட்க ஒரு காது.

1982 வாக்கில் லண்டனில் கார்டன் லாரன்ஸ் என்பவர் கூட்டமாகக் கனவு சொல்கிற ஒரு முறையை ஆரம்பித்தார். கனவு கண்டவரை ஆராய மாட்டார்கள். கனவு மட்டும் பேசுபொருள். கண்டவர் அதைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிடுவார். நாற்காலிகளை முகத்துக்கு முகம் முறைக்காதபடி பல பக்கமாகத் திருப்பிப் போடுவோம். ஒருவர் தன் கனவைச் சொல்வார். அதைக் கேட்டு இன்னொருவருக்குத் தன் கனவு ஞாபகம் வரும். ஒருமுறை மூன்று பேர் தொடர்ச்சியாகப் பஸ் கனவுகள் சொன்னார்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இடுப்பளவு தண்ணீர், பஸ் மிதந்து வருகிறது, கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறுக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளம் முடிந்து ஒரு வருஷம் கழித்து.

ஃப்ராய்டு எல்லாத்தையும் காமம்னு சொன்ன ஆளுதான? பொம்பளப் பிள்ளையளைக் கூட்டிட்டு வரலாமா?

எல்லாவற்றையும் அல்ல, நிறையவற்றை. அவர் அந்தச் சொல்லை ரொம்ப விரித்துப் பயன்படுத்தினார். குழந்தை விரல் சூப்புவதில் உள்ள சுகமும் அவருக்கு அதில் அடக்கம். பெண்களைப் பற்றி அவர் நிறையத் தடுமாறினார். பெண்ணின் பாலியல் வாழ்க்கையை ‘இருண்ட கண்டம்’ என்று 1926-இல் எழுதினார். கேரன் ஹோர்னி போன்ற பெண் பகுப்பாய்வாளர்கள் அந்தக் காலத்திலேயே எதிர்த்து எழுதினார்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்கள் துணையோடு கிறுக்கல் நாளுக்கும் பாவைக்கூத்து நாளுக்கும் மட்டும் வரலாம்.

வெள்ளக்காரன் சரக்கு நமக்கு எதுக்கு? நம்ம குடும்பம் வேற, அவன் குடும்பம் வேற.

இதே கேள்வியை ஃப்ராய்டிடமே கேட்டவர் ஒருவர் இருக்கிறார். கிரீந்திரசேகர் போஸ், கல்கத்தா மருத்துவர். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை அங்கே தொடங்கினார். ஃப்ராய்டோடு பல வருஷம் கடிதத் தொடர்பு. நேரில் பார்த்ததே இல்லை. ஆண்மை பறிபோய்விடுமோ என்று ஐரோப்பிய ஆண்களிடம் இருக்கிற பயம் என்னிடம் வருகிற இந்தியர்களிடம் அந்த அளவுக்கு இல்லை, பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசை இந்திய ஆண்களிடம் எளிதாக மேலே வருகிறது என்று 1929-இல் அவருக்கே எழுதினார். ஃப்ராய்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை. 75-ஆம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து போன தந்த விஷ்ணு சிலையை மட்டும் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

போஸ் எழுதியதைக் கணியான் கூத்து பார்த்த இரவில் பேசினோம். மகுடம் முழங்க, ஆண்கள் பெண் வேஷத்தில் ஆடுகிற கூத்து அது. கல்லூரிப் பையன் ஒருவன், ‘நான் சின்னதுல அக்கா தாவணியக் கட்டி ஆடுவேன், அப்பா பார்த்த அன்னைக்கோட நின்னுபோச்சு’ என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அப்போ சாமியாடுறதையும் நோய்னு சொல்லுதீகளா?

இல்லை. கோமரத்தாடி மேல் சாமி வருவதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, மேளம் உண்டு, ஊர் உண்டு. மலையேறியதும் அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுநாள் வயலுக்குப் போகிறார். அதை நோய் என்று சொல்ல டாக்டரம்மா தயாரில்லை. சுதீர் கக்கர் (1938–2024) என்ற பகுப்பாய்வாளர் கோயில், தர்கா, மந்திரவாதி, வைத்தியர் என்று நாடெல்லாம் சுற்றிப் பார்த்து 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். கேலி செய்ய அவர் போகவில்லை, அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்க்கப் போனார்.

ஆனால் இதையே சாக்காக வைத்து, மருந்து வேண்டிய ஆளைச் சங்கிலி போட்டுக் கோயிலிலோ தர்காவிலோ கிடத்தக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியோடு கட்டிக் கிடந்த 28 பேர் செத்தார்கள். சாமியாட்டத்தைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.

எங்க எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பிடிச்சு ‘இவனுக்கு இன்ன கோளாறு’ன்னு சொல்லுவீகளோ?

அந்த வேலை தடை. காரணம் ஃப்ராய்டே வழுக்கி விழுந்த இடம் அது. லியனார்டோ டா வின்சியின் குறிப்பு ஒன்றில், தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் வாயைத் தொட்டதாக வருகிறது. ஃப்ராய்டு படித்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது பிணந்தின்னிக் கழுகு. எகிப்தில் கழுகு தாய்த்தெய்வத்தின் அடையாளம் என்பதைப் பிடித்துக்கொண்டு 1910-இல் லியனார்டோவின் தாய் உறவு முழுவதையும் எழுதிக் காட்டினார். இத்தாலிய மூலத்தில் இருந்தது பருந்து. டாக்டரம்மா இந்தக் கதையை வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். யாராவது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக விளக்கம் சொன்னால் இப்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ‘பருந்து, பருந்து’ என்று குரல் வரும்.

(ஒரு வில்லுப்பாட்டு அண்ணாவி கேட்டது) எங்க பொழப்ப வச்சு நீங்க ஆராய்ச்சி பண்ணுதீகளோ?

நியாயமான கேள்வி. முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது. அவர்களைப் பாடச் சொல்லிவிட்டு, காப்பி கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டு நாங்கள் பேசினோம். இப்போது பாடியவர்களும் வட்டத்தில் உட்காருகிறார்கள். கொடைக்கு வாங்குகிற அதே கூலி, முன்பணமாக. எந்தக் கட்டத்தைப் பாடுவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். சில கட்டங்கள் கோயிலுக்கு வெளியே பாடக் கூடாதவை.

இந்தக் கேள்வியைக் கேட்ட அண்ணாவி பிறகு டாக்டரம்மாவையே மடக்கினார். ‘செத்தவன் எதுக்குச் செத்தான், யாரு மேல கோவம்னு எல்லாம் கேட்டீக. எந்த எடத்துல செத்தான்னு ஒருத்தரும் கேக்கலையே தாயி. எங்களுக்கு எடம்தான் முக்கியம், பீடம் அங்கனதான போடணும்.’ அடுத்த மாதம் எல்லாரையும் ஒரு இடத்தை மட்டும் வரையச் சொன்னார் டாக்டரம்மா. ஆளே இல்லாத படங்கள். கிணறு, ரயில்வே கேட், ஆஸ்பத்திரி வராண்டாவின் கடைசி பெஞ்சு.

யாராச்சும் தாங்க முடியாம அழுதுட்டா என்ன செய்வீக?

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு அடுத்த மாதமே, ‘வெள்ளத்தை வரையுங்கள்’ என்று நானாக அறிவித்துவிட்டேன். டாக்டரம்மா அன்று ஊரில் இல்லை. ஒரு அம்மா சாக்கட்டியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், எழுந்து போய்விட்டார். சாப்பிடாமல் இருக்கிறார் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. டாக்டரம்மா வீட்டுக்கே போய்ப் பார்த்தார்.

அந்த மாதங்களில் என் கடைக்கு சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டையிலிருந்து நனைந்த படங்கள் வந்தபடி இருந்தன. பழைய போட்டோ நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்துவிட்டால் உரிக்கக் கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறும் காகிதம் வரும். சுத்தமான தண்ணீரில் கண்ணாடியோடு திரும்ப ஊறப்போட்டு, தானாக நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிலது நழுவும், சிலது நழுவாது. நழுவாததைக் கண்ணாடியோடே படம் எடுத்துப் பிரதி போட்டுக் கொடுத்தேன். தினமும் இந்த வேலையைச் செய்துகொண்டே மாடியில் மட்டும் உரிக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது டாக்டரம்மா இல்லாத ஞாயிறு கூட்டம் கிடையாது. அழுதால் அழ விடுவோம். பக்கத்தில் ஒருவர் உட்காருவார். பேசச் சொல்ல மாட்டோம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், தூக்கமே இல்லாமை, காதில் குரல் கேட்பது இவற்றுக்கெல்லாம் மாடி சரியான இடமில்லை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழில் இருபத்துநாலு மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது. ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கூட வர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், கடையைச் சாத்திவிட்டு.

இதனால குணமாகும்னு நிரூபணம் இருக்கா?

குணமாக்குகிறோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. கலையும் உடல்நலமும் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, பலன் உண்டு என்று அறிக்கை போட்டது. பகுப்பாய்வைப் பொறுத்தவரை சண்டை இன்னும் ஓயவில்லை. பொய்யென்று நிரூபிக்க வழியே இல்லாததை அறிவியல் என்று எப்படிச் சொல்வது என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. ரிட்டயர்டு இயற்பியல் வாத்தியார் ஒருவர் மாதம் தவறாமல் வந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மழையானாலும் வருவார்.

எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும். என்ன செய்யணும்?

முதலில் பயிற்சி பெற்ற ஒருவரைப் பிடியுங்கள். அவர் இல்லாமல் கதை வாசிப்பு மட்டும் நடத்துங்கள், மனதைக் கிளற வேண்டாம். மேலே சொன்ன பெயர் சுட்டாத விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பதினைந்து பேர் போதும். மைக் வேண்டாம். தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை மூன்றும் கூடவே கூடாது. பொன்னாடை வந்தால் பேச்சு போய்விடும். எங்களுக்குக் காப்பி, முறுக்கு, சாக்கட்டி, காகிதம் எல்லாம் சேர்ந்து மாதம் இரண்டாயிரத்துக்குள் அடங்கும். கலைஞர்கள் கூலி தனி, அதற்கு உண்டியல். அமைப்பு பெயர், லெட்டர்பேடு எதுவும் எங்களுக்கு இன்றுவரை இல்லை.

பேர் கொடுக்கணுமா, சும்மா வரலாமா?

சும்மா வரலாம். ஐந்தரைக்கு மேல் கீழ்க்கதவைச் சாத்திவிடுவோம். படி குறுகல், பார்த்து ஏற வேண்டும். செருப்பைக் கடை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள், ஆறு வருஷத்தில் ஒன்றுதான் தொலைந்திருக்கிறது, அதுவும் என்னுடையது.